கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளும் மருத்துவப் படிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் குடியிருப்புகள், தேவனாம்பட்டினம், சோதிக்குப்பம் போன்ற மீனவ ஊர்கள், கடலூர் மாவட்டத்து ஆதிதிராவிடர் குடியிருப்புகள், எல்லையைத் தாண்டி பாகூர் வரை: இங்கிருந்து முதல் தலைமுறையாக மருத்துவம் படிக்க நினைப்பவர்களும் அவர்களின் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இவை. மதிப்பெண் குறைந்து இடம் போவது ஒரு கதை. மதிப்பெண் இருந்தும் ஒரு காகிதம் இல்லாமல் இடம் போவது இன்னொரு கதை. இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது?

சாதிச் சான்றிதழிலிருந்து. பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே வாங்கிவிடுங்கள். நீட் தேர்வு வழக்கமாக மே மாதம் முதல் ஞாயிறு. முடிவு வந்ததும் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களில் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படியேறி முடியாது. அதிலும் பழங்குடியினர் சான்றிதழ் என்றால் நினைத்தே பார்க்காதீர்கள்.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 'க. செல்வி', இன்னொன்றில் 'செல்வி கண்ணன்', மூன்றாவதில் அப்பா பெயர் 'கண்ணையன்' என்றிருந்தால் ஒவ்வொரு மேசையிலும் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்றுவதுதான் கடினம். ஆகவே அதை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருத்துங்கள். ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே பள்ளிப் பதிவேட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

நாங்கள் இருளர். அப்பாவுக்கும் சான்றிதழ் கிடையாது. பிள்ளைக்குக் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் நேரம் எடுக்கும். பட்டியல் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தருவார். பழங்குடியினர் சான்றிதழைத் தருவது வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். கடலூர் மாவட்டத்தில் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் என்று மூன்று கோட்டங்கள். உங்கள் வட்டம் எந்தக் கோட்டத்தில் வருகிறதோ அங்கேதான் கோப்பு போகும். இ-சேவை மையத்தில் பதிவு செய்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் யாரும் கோப்பைத் தேடித் தரமாட்டார்கள்.

அப்பாவுக்கு இல்லை என்றால் அப்பாவழி உறவில் தேடுங்கள்: பெரியப்பா, சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள். ஒருவரிடம் இருந்தால்கூட அதன் நகலும், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று காட்டும் ஆவணமும் சேருங்கள். 11.11.1989-க்கு முன்பு வட்டாட்சியர் கொடுத்த பழைய பழங்குடியினர் சான்றிதழும் செல்லும். ஓட்டை டிரங்குப் பெட்டியில் மக்கிக் கிடக்கும் காகிதம்தானே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உறவில் யாரிடமும் இல்லையென்றால் நேரடி விசாரணை. குடியிருப்புக்கு வந்து பழக்கவழக்கம், குலதெய்வம், சடங்கு, கொள்வினை கொடுப்பினை, தொழில் எல்லாம் கேட்பார்கள். வயதான பாட்டியோ தாத்தாவோ அன்று வீட்டில் இருப்பது நல்லது. விசாரணை தேதியில் குடும்பம் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போயிருந்தால் 'விண்ணப்பதாரர் இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். தடுமாறும் இடங்களில் முதலாவது இதுதான். இரண்டாவது, பள்ளிப் பதிவேட்டில் சாதிப் பெயர் வேறு ஏதோவாக எழுதப்பட்டிருப்பது. சேர்க்கையின்போது யாரோ காதில் விழுந்ததை எழுதியிருப்பார்கள். விண்ணப்பத்துக்கு முன்பே தலைமையாசிரியரிடம் பேசி அதைச் சரிசெய்துவிடுங்கள்.

மறுத்தால் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அது கையில் இருந்தால்தான் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு.

புதுச்சேரியில் வசிக்கும் இருளருக்கு ஒரு தனிச் செய்தி. அங்கே பழங்குடியினர் பட்டியல் என்பதே 2016 டிசம்பரில்தான் வந்தது. வில்லி, வேட்டைக்காரன் உட்பட இருளர் அதில் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு முன்பு எடுத்த காகிதங்களில் வேறு பிரிவு இருந்தால் புதிதாக எடுங்கள். தமிழ்நாட்டில் நரிக்குறவர், குருவிக்காரர் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தது 2023 தொடக்கத்தில். அவர்களிடம் இருக்கும் பழைய மிகப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழையும் மாற்ற வேண்டும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். தாத்தா காலத்தில் மாறியவர்கள். எந்தப் பிரிவு?

1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியினர். மதம் மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் வருவார்கள். ஆனால் உதவித்தொகை என்று வரும்போது ஆதிதிராவிடர் நலத்துறை மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடரையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. இட ஒதுக்கீடு ஒன்று, உதவித்தொகை இன்னொன்று. இதைக் குழப்பிக்கொண்டு விண்ணப்பிக்காமலே விடுபவர்கள் ஏராளம். பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு இல்லை.

எம்பிசி (மிகப் பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் இருக்கிறது. ஜிப்மருக்கு அது போதுமா?

போதாது. மீனவர், வன்னியர் குடும்பங்கள் வருடா வருடம் சறுக்கும் இடம் இது. உங்களிடம் இருப்பது மாநிலச் சான்றிதழ். புதுச்சேரியில் உள்ள மத்திய அரசு மருத்துவக் கல்லூரியான ஜிப்மர், அரசுக் கல்லூரி இடங்களில் நாடு முழுவதற்கும் பொதுவாகப் போகும் அகில இந்திய ஒதுக்கீடு இரண்டும் மத்திய அரசின் கணக்கு. அங்கே எம்பிசி என்ற பிரிவே இல்லை. ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்), அதிலும் 'வளமான பிரிவினர் அல்லாதோர்' என்று மத்திய அரசு வடிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். அதையும் இ-சேவை வழியாகவே எடுக்கலாம். நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருப்பது நல்லது. போன வருடத்தியதை நீட்டினால் அங்கேயே தள்ளிவிட வாய்ப்புண்டு. வருமான வரம்பு 8 லட்சம். அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. படகுத் தொழில் வருமானம் சேரும்.

நீட் விண்ணப்பத்தில் பிரிவைத் தவறாகப் போட்டுவிட்டோம் என்று பதறி வருபவர்களுக்கு: தமிழ்நாட்டு இடங்களுக்கு மாநிலத் தேர்வுக்குழு தனி விண்ணப்பம் வாங்குகிறது. அங்கே உங்கள் சாதிச் சான்றிதழைத்தான் பார்ப்பார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டில்தான் நீட் விண்ணப்பத்தில் போட்ட பிரிவு பின்தொடர்ந்து வரும். திருத்தம் செய்ய சில நாள் வாய்ப்புத் தருவார்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

7.5% ஒதுக்கீடு யாருக்கு? அரசு உதவி பெறும் பள்ளிக்கு உண்டா?

தமிழ்நாட்டு மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவருக்கான உள் ஒதுக்கீடு இது. உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அரசுப் பள்ளிகள்தான். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. 2020-இல் வந்த சட்டம் இது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் செல்லும் என்று சொல்லிவிட்டது. எம்பிபிஎஸ் மட்டுமல்ல, பல் மருத்துவம், சித்த மருத்துவம், ஓமியோபதிக்கும் பொருந்தும். முந்தைய வருடங்களில் பிளஸ் டூ முடித்து மறுபடி நீட் எழுதுபவர்களும் கேட்கலாம். தனியார் பயிற்சி மையத்துக்குப் போனதால் உரிமை போகாது.

கவனிக்க வேண்டியது: ஏழு வருடங்களில் இரண்டு மூன்று பள்ளிகள் மாறியிருந்தால், ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை படித்தார் என்ற சான்று வேண்டும். கோடை விடுமுறையில் தலைமையாசிரியர் ஊருக்குப் போயிருப்பார். ஏப்ரலில் பள்ளி மூடுவதற்குள் வாங்கிவிடுங்கள்.

இந்த 7.5 விழுக்காட்டுக்குள்ளும் வகுப்புவாரி ஒதுக்கீடு உண்டு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மொத்தம் 69. பழங்குடிப் பிள்ளைக்கு நூறில் ஒன்று என்பதால்தான் அடுத்த கேள்வி முக்கியம்.

அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் பதிய வேண்டுமா? வடக்கே எல்லாம் அனுப்ப மாட்டோம்.

பதியுங்கள். பதிந்தால் வடக்கே போக வேண்டும் என்று அர்த்தமில்லை. அரசுக் கல்லூரி இடங்களில் 15% அகில இந்திய ஒதுக்கீடு. சிதம்பரத்தில் இருக்கும் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி, முண்டியம்பாக்கம் விழுப்புரம் மருத்துவக் கல்லூரி இவற்றின் இடங்களும் அதில் அடக்கம். மாநிலத்தில் பழங்குடியினருக்கு 1%, அகில இந்தியாவில் 7.5%. போட்டி நாடு முழுக்க என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு கதவு கூடுதலாகத் திறந்திருக்கிறது. ஜிப்மரும் இந்தக் கலந்தாய்வுக்குள்தான்.

அகில இந்தியக் கலந்தாய்வை நடத்தும் எம்சிசி குழுவின் பதிவுக்குப் பட்டியல் சாதி, பழங்குடி, ஓபிசி பிரிவினர் கட்டுவது திரும்பாத 500 ரூபாயும், திரும்பக் கிடைக்கும் 5,000 ரூபாய் வைப்புத் தொகையும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் டிக் செய்தால் வைப்புத் தொகை 2 லட்சம் ஆகிவிடும். கணினி மையத்தில் அமர்ந்திருப்பவர் எல்லாவற்றையும் டிக் செய்துவிடுவார். பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் சுற்றில் கிடைத்த இடம் பிடிக்கவில்லை என்றால் சேராமல் விட்டுவிடலாம், நட்டமில்லை. இரண்டாம் சுற்றில் விட்டால் வைப்புத் தொகை போகும். மூன்றாம் சுற்றில் சேர்ந்துவிட்டால் வெளியே வர முடியாது. மாநிலக் கலந்தாய்வும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். எந்தத் தேதியில் எது என்று ஒரு நாட்காட்டியில் குறித்துச் சுவரில் மாட்டுங்கள்.

வீடு பாகூரில், பள்ளி கடலூரில். எந்தப் பக்கம் விண்ணப்பிப்பது?

இரண்டில் ஒன்று. கன்னியக்கோயிலைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எத்தனையோ பேர். பேருந்துக்கு எல்லை கிடையாது, கலந்தாய்வுக்கு உண்டு. புதுச்சேரி இடங்களை அந்த அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் நிரப்புகிறது. அங்கே புதுச்சேரி இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி அதில் வருகிறது. 2023-24 முதல் அங்கே அரசுப் பள்ளி மாணவருக்கு 10% உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அது புதுச்சேரி அரசுப் பள்ளிக்கு. கடலூர் அரசுப் பள்ளியில் படித்ததை அங்கே காட்ட முடியாது.

இரு மாநிலத்திலும் இருப்பிடம் இருப்பதாகக் காட்டி விண்ணப்பித்து மாட்டினால் இரண்டும் ரத்தாகும். சாதிச் சான்றிதழும் அப்படித்தான்: தமிழ்நாட்டில் கொடுத்த பட்டியல் சாதிச் சான்றிதழை வைத்துப் புதுச்சேரி ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. திருமணமாகி எல்லை தாண்டி வந்த அம்மாவின் சான்றிதழ் பிள்ளைக்கு உதவாது. தந்தையின் பூர்வீகம்தான் கேட்பார்கள். ஜிப்மரின் அகில இந்திய இடங்களுக்கு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை.

தமிழ் வழியில் படித்த பிள்ளை நீட்டைச் சமாளிக்குமா?

வினாத்தாள் தமிழிலும் கிடைக்கும், விண்ணப்பிக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆங்கிலமும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வாசகமே இறுதி. அதனால் தமிழ்த்தாள் எடுப்பவரும் கலைச்சொற்களை இரு மொழியிலும் அறிந்திருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பிலிருந்தே நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதி வாருங்கள். தினம் ஐந்து சொல் போதும்.

180 கேள்வி, 720 மதிப்பெண், 180 நிமிடம். உயிரியல் மட்டும் 90 கேள்வி, 360 மதிப்பெண். தமிழ்வழிப் பிள்ளைகள் எடுக்க வேண்டியது இங்கேதான். உயிரியலை 50 நிமிடத்துக்குள் முடிக்கப் பழகினால் இயற்பியலுக்கு மூச்சுவிட நேரம் இருக்கும். தவறான விடைக்கு 1 குறையும். தெரியாத இருபது கேள்விகளைக் குருட்டாம்போக்கில் குறித்து எல்லாம் தவறானால் 20 மதிப்பெண் போச்சு. ஒதுக்கீட்டுப் பிரிவின் விளிம்பில் நிற்பவருக்கு அந்த இருபதே இடத்தைத் தீர்மானிக்கும்.

கட்டணம் எவ்வளவு? கடன் வாங்க வேண்டுமா?

7.5% வழியாகச் சேர்ந்தால் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2020-இல் முதல் வருடம் தனியார் இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியின்றிச் சிலர் இடத்தை விட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த அறிவிப்பு வந்தது. எனவே 'கட்டணம் கட்டினால்தான் சேர்க்கை' என்று எந்தக் கல்லூரி சொன்னாலும் ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டி, அவர்கள் கேட்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டியல் சாதி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் பராமரிப்புப் படி விடுதியில் தங்கினால் ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து போனால் 7,000. பணம் வராமல் போவதற்கு முக்கியக் காரணம் வங்கிக் கணக்கு. ஆதார் எண்ணைக் கணக்கில் சேர்த்திருப்பது வேறு, அரசுப் பணம் நேரடியாக வந்து விழும் (டிபிடி) கணக்காக ஆதாரைப் பதிந்திருப்பது வேறு. கடைசியாக எந்த வங்கியில் பதிந்தீர்களோ அங்கேதான் விழும். வேறு ஏதோ தேவைக்காகத் திறந்து மறந்த கணக்கில் உதவித்தொகை கிடப்பது சாதாரணம். வங்கியில் 'டிபிடிக்கு ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா' என்று இதே சொற்களில் கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். இதை மற்ற உதவித்தொகையோடு சேர்த்தே வாங்கலாம். கல்விக்கடன் கடைசி வழி. 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது.

சேர்ந்துவிட்டாள். வகுப்பில் ஒன்றும் புரியவில்லை என்று அழுகிறாள்.

முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருக்கும். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் ஆங்கிலத்தில் பாயும். ஒரு உண்மையைச் சொல்லுங்கள் அவளிடம்: அந்தச் சொற்கள் ஆங்கிலவழிப் பிள்ளைக்கும் புதிதுதான். அவை கிரேக்கமும் லத்தீனும். 'ஹெபட்' என்றால் கல்லீரல், 'நெஃப்ர்' என்றால் சிறுநீரகம், 'ஐடிஸ்' என்றால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது. ஹெபடைடிஸ், நெஃப்ரைடிஸ், நெஃப்ரெக்டமி எல்லாம் அதிலிருந்தே அவிழும். இப்படி இருநூறு வேர்ச்சொல் தெரிந்தால் புத்தகம் பாதி பழகிவிடும்.

வாய்மொழித் தேர்வுதான் பெரிய பயம். மேசைமேல் ஒரு தொடை எலும்பு. பேராசிரியர் கையில் கொடுத்துவிட்டுப் பார்ப்பார். தெரிந்தவரும் வாயடைத்து நிற்பது முதல் வாக்கியம் வராததால். ஆகவே எந்த எலும்புக்கும் ஒரே வரிசையைப் பழகுங்கள்: பெயர், வலதா இடதா, எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள், எந்த மூட்டில் சேர்கிறது. விடுதியில் ஒருவர் கேட்க ஒருவர் நின்றுகொண்டு சத்தமாகச் சொல்ல வேண்டும். மனதுக்குள் படித்தால் நாக்கு பழகாது. எலும்பு செட்டைப் புதிதாக வாங்காதீர்கள், சீனியர்களிடம் கேளுங்கள்.

உள்மதிப்பீட்டைக் கவனிக்காமல் விடுவது பெரிய தவறு. எழுத்து, செய்முறை தனித்தனியே 40%, சேர்த்து 50% இல்லாவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வெழுத விடமாட்டார்கள். வருகை எழுத்துப் பாடத்துக்கு 75%, செய்முறைக்கு 80%. ஊர்த் திருவிழா, வீட்டுச் சாவு, அப்பாவோடு மருத்துவமனை என்று போய்வருபவர்களுக்கு முதலில் அடிவாங்குவது வருகைதான். முதலாண்டுத் தேர்வுக்கு மொத்தம் நான்கு வாய்ப்புகள். ஒன்றில் தோற்றால் துணைத்தேர்வு எழுதி அதே குழுவோடு தொடரலாம்.

நோயாளியிடம் பேச ஆரம்பித்ததும் காற்று திசை மாறும். 'நெஞ்சைக் கரிக்குது', 'மேமூச்சு வாங்குது', 'நீர்க்கடுப்பா இருக்கு' என்று கடலூர்க் கிழவி சொல்வதில் எது எந்த நோய்க்குறி என்பது கிராமத்துப் பிள்ளைக்குத்தான் சட்டென்று பிடிபடும்.

'எந்த கோட்டா, எவ்வளவு மார்க்' என்று கேட்டுக் கிண்டல் செய்கிறார்கள். என்ன செய்வது?

மதிப்பெண்ணைக் கேட்பது சாதியைக் கேட்பதற்கு நாகரிகமான வழி. பதில் சொல்லக் கடமை எதுவும் இல்லை. இது ஏதோ ஒரு கல்லூரியின் கதையும் அல்ல: டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு நேரும் பாகுபாட்டை 2007-இல் மத்திய அரசு அமைத்த தோரட் குழுவே பதிவு செய்திருக்கிறது.

அளவு தாண்டினால் அன்றே எழுதி வையுங்கள்: தேதி, நேரம், இடம், சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் இருந்தவர்கள். வாட்ஸ்அப் செய்தி என்றால் படமெடுத்து வேறொருவருக்கும் அனுப்பி வையுங்கள். ராகிங் தடுப்புக்குக் கட்டணமில்லா எண் 1800-180-5522. சாதிப் பெயர் சொல்லிப் பிறர் முன்னிலையில் இழிவுபடுத்தியிருந்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். தேசிய உதவி எண் 14566. புகார் கொடுத்தால் உள்மதிப்பெண்ணில் கைவைப்பார்களோ என்ற பயம் நியாயமானது. அதனால் ஒவ்வொரு தேர்விலும் விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்து, மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளும் வழக்கம் முதல் மாதத்திலிருந்தே இருக்கட்டும்.

தூக்கம் போய், சாப்பாடு போய், பிள்ளை ஒரே மௌனமாக இருந்தால் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம். 104-லும் ஆலோசனை கிடைக்கும்.

இடம் கிடைக்கவில்லை. மறுபடி ஒரு வருடமா?

நீட் எழுத வயது உச்சவரம்போ, முயற்சி வரம்போ இப்போது கிடையாது. ஆனால் வீட்டுக்கு வரம்பு உண்டு. போன தடவை உயிரியலில் 250-க்கு மேல் எடுத்து இயற்பியலில் சரிந்தவர் இன்னொரு வருடம் உட்காரலாம். மூன்றிலும் சமமாகத் தடுமாறியவர் முதலில் வேறு இடத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் பிஎஸ்சி நர்சிங், கால்நடை மருத்துவம் இரண்டின் மாநில இடங்களுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான், நீட் வேண்டாம். கால்நடை மருத்துவத்திலும் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5% உண்டு. கிடைத்த இடத்தில் அசல் சான்றிதழ்களைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஐந்து நகலெடுத்து வையுங்கள். அடுத்த வருடம் விண்ணப்பிக்கும்போது அவை கையில் வேண்டும்.